மேலே இருட்டு, பக்கத்தில் மின்சாரம்: பிஸ்மத் அயோடைடு படிகத்தின் கணக்கு

"உள்ளே மின்சாரம் ஓடாது, மேற்பரப்பில் மட்டும் ஓடும்." இடவியல் மின்கடத்தாப்பொருள் (டோப்பாலஜிக்கல் இன்சுலேட்டர்) பற்றிய அறிவியல் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வரி இது. தப்பில்லை, ஆனால் பாதிதான். எந்த மேற்பரப்பு என்று அந்த வரி சொல்வதில்லை. ஒரு செங்கலுக்கு ஆறு முகங்கள். ஆறிலும் ஓடுமா? நான்கில் மட்டுமா? அல்லது முகங்கள் எல்லாம் சும்மா கிடக்க, அவை சந்திக்கும் ஓரக்கோட்டில் மட்டும் ஓடுமா? மூன்றுமே சாத்தியம். எது நடக்கிறது என்பதுதான் அந்தப் பொருள் எந்த வகை என்பதைத் தீர்மானிக்கிறது.

பிஸ்மத் அயோடைடு என்ற சேர்மத்தைப் பற்றி 2016இல் ஒரு முடிவும் 2019இல் அதற்கு மாறான முடிவும் வெளியாயின. இரண்டும் மதிப்புள்ள ஆய்விதழ்களில் வந்தவை. இரண்டையும் படித்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. அந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது, எப்படித் தீர்ந்தது என்று பார்த்தால், மேற்பரப்பு மின்னணு நிலைகள் என்றால் என்ன என்பதும் கூடவே விளங்கிவிடும்.

## பட்டை, இடைவெளி, புரளல்

தனி அணுவில் எலக்ட்ரான்களுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் படிகள் உண்டு. கோடிக்கணக்கான அணுக்கள் படிகமாகச் சேரும்போது அந்தப் படிகள் அகன்று பட்டைகளாகின்றன. எலக்ட்ரான்கள் நிரம்பிய பட்டைக்கும் அதற்கு மேலே காலியாக இருக்கும் பட்டைக்கும் நடுவே எந்த நிலையும் இல்லாத வெளி இருந்தால், அது மின்கடத்தாப்பொருள். அந்த வெளிக்குப் பெயர் பட்டை இடைவெளி. கண்ணாடி, வைரம் எல்லாம் இந்த வகை.

பிஸ்மத் போன்ற கனமான தனிமங்களில் கூடுதலாக ஒன்று நடக்கும். பிஸ்மத்தின் அணு எண் 83. அணுக்கரு அவ்வளவு பெரிய மின்னூட்டத்தோடு இருப்பதால் அதைச் சுற்றும் எலக்ட்ரானின் ஓட்டமும் அதன் தற்சுழற்சியும் (ஸ்பின் என்றே சொல்வோம்) ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. இந்தப் பிணைப்பு போதுமான வலுவோடு இருந்தால், மேலே இருக்க வேண்டிய பட்டை கீழேயும், கீழே இருக்க வேண்டியது மேலேயும் போய்விடும். இதுதான் பட்டை புரளல். இடைவெளி அப்படியே இருக்கும். வரிசை மட்டும் தலைகீழ்.

சரி, வரிசை மாறினால் என்ன? படிகத்தின் உள்ளே ஒன்றுமில்லை. எல்லையில்தான் சிக்கல். வெளியே காற்றோ வெற்றிடமோ இருக்கிறது. அங்கே வரிசை புரளாதது. உள்ளே புரண்ட வரிசை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியில் இரண்டு பட்டைகளும் எங்கோ ஓரிடத்தில் குறுக்கே வெட்டியே ஆக வேண்டும். தாய்லாந்தில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும், லாவோஸில் வலப்பக்கம். மேகாங் ஆற்றின் மேலுள்ள நட்புப் பாலத்தைக் கடக்கும் எந்த வண்டியும் ஓரிடத்தில் பக்கம் மாறாமல் தப்ப முடியாது. பாலத்துக்கு என்ன பெயின்ட் அடித்தாலும், எத்தனை பள்ளம் விழுந்தாலும், அந்த மாறுமிடத்தை ஒழிக்க முடியாது. காரணம் பாலத்தில் இல்லை, இரண்டு கரைகளின் விதிகளில் இருக்கிறது.

பட்டைகள் வெட்டிக்கொள்ளும் அந்த எல்லையில் இடைவெளி மூடிவிடும். அங்கே மின்சாரம் ஓடும். இடவியல் மேற்பரப்பு நிலை என்பது அதுதான்.

மேற்பரப்பில் எலக்ட்ரான் நிலைகள் இருப்பதே புதுச் செய்தி அல்ல. 1932இல் இகோர் டாமும் 1939இல் வில்லியம் ஷாக்லியும் அவற்றைக் கணக்கிட்டுவிட்டார்கள். ஆனால் சாதாரண மேற்பரப்பு நிலை பெரும்பாலும் துண்டிக்கப்பட்ட வேதிப்பிணைப்புகளால் வருவது. மேற்பரப்பில் கொஞ்சம் அழுக்கு படிந்தாலோ அணுக்கள் இடம் மாறினாலோ ஆற்றல் மாறும், காணாமலும் போகும். இடவியல் நிலை அப்படிப் போகாது. அதை அழிக்க வேண்டுமானால் படிகத்தின் உள்ளே இருக்கும் வரிசையை மாற்ற வேண்டும், அல்லது அதைக் காக்கும் சமச்சீரை உடைக்க வேண்டும். அந்தச் சமச்சீர், காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் விதிகள் மாறாமல் இருப்பது. காந்தப்புலம் வைத்தால் அது உடையும்.

## ஒற்றையா இரட்டையா

2007இல் லியாங் ஃபூ, சார்லஸ் கேன், யூஜின் மெலே மூவரும் முப்பரிமாணப் பொருட்களுக்கு ஒரு வகைப்பாடு தந்தார்கள். நான்கு குறியெண்கள், ஒவ்வொன்றும் பூஜ்யம் அல்லது ஒன்று. பெரிய கணிதம் பின்னால் இருந்தாலும், மேற்பரப்பில் அதன் பலனை இப்படிச் சொல்லிவிடலாம்:

1. மேற்பரப்பு எலக்ட்ரான்களின் ஆற்றலை உந்தத்துக்கு எதிராக வரைந்தால் இரண்டு கூம்புகள் நுனியோடு நுனி முட்டி நிற்பது போன்ற படம் வரும். இதற்கு டிராக் கூம்பு என்று பெயர்.

2. எல்லா முகங்களிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கூம்புகள் இருந்தால் அது வலுவான இடவியல் மின்கடத்தாப்பொருள். பிஸ்மத் செலினைடு இந்த வகை. அதன் மேல்முகத்தில் ஒரே ஒரு கூம்பு.

3. சில முகங்களில் இரட்டைப்படையில் கூம்புகள், குறிப்பிட்ட ஒரு முகத்தில் ஒன்றுமே இல்லை என்றால் அது வலுவற்ற வகை.

வலுவற்ற வகையைக் கற்பனை செய்ய வெற்றிலைக் கட்டை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வெற்றிலையும் ஓர் இருபரிமாணப் பொருள். அதன் நடுவில் மின்சாரம் ஓடாது, ஓரத்தைச் சுற்றி மட்டும் ஓடும். இதற்குக் குவான்டம் ஸ்பின் ஹால் நிலை என்று பெயர். 2005இல் கேனும் மெலேயும் இதை முன்மொழிந்தார்கள். 2007இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் லாரன்ஸ் மோலன்காம்ப் குழு பாதரச டெல்லூரைடு மென்படலத்தில் அளந்து காட்டியது. இப்படிப்பட்ட இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கட்டின் பக்கவாட்டில் ஓரங்கள் எல்லாம் சேர்ந்து கடத்தும் முகமாகும். கட்டின் மேலே இருக்கும் இலையின் பரப்போ வெறும் இலைதான். அங்கே ஒன்றும் இல்லை. ஆய்வாளர்கள் அந்த முகத்தை "இருண்ட முகம்" என்கிறார்கள்.

வலுவற்றது என்ற பெயர் கொஞ்சம் அநியாயமானது என்பது என் கருத்து. இரட்டைப்படைக் கூம்புகள் ஒன்றையொன்று அழித்துவிடும், ஆகவே நிலையற்றவை என்ற எண்ணத்தில் வைத்த பெயர் அது. ஆனால் தாறுமாறான அழுக்கு அவற்றை அழித்துவிடாது என்று 2012இல் வெளிவந்த கோட்பாட்டு ஆய்வுகள் காட்டின. அவை அழிய வேண்டுமானால் அடுக்குகள் முறையாக இரண்டிரண்டாக ஜோடி சேர வேண்டும். இந்த ஜோடி சேர்தலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி வரும்.

வலுவான வகைக்கான சான்று, கோட்பாடு வந்த வேகத்திலேயே வந்துவிட்டது. 2008இல் பிஸ்மத்-ஆன்டிமனி கலவை, 2009இல் பிஸ்மத் செலினைடு. வலுவற்ற வகைக்கு மட்டும் 2019 வரை நேரடிச் சான்று இல்லை. காரணம் கோட்பாட்டில் இல்லை, உடைப்பதில் இருந்தது. எலக்ட்ரான் நிலைகளை நேரில் பார்க்கப் புத்தம் புதிதாக உடைத்த, கண்ணாடி போல வழவழப்பான முகம் வேண்டும். அடுக்குப் படிகங்கள் வெற்றிலைக் கட்டு மாதிரி. இலை இலையாக எளிதில் பிரியும், ஆனால் பக்கவாட்டில் வெட்டினால் கசங்கும். அதாவது வழவழப்பாகக் கிடைக்கும் முகம் இருண்ட முகம். விஷயம் இருக்கும் முகமோ கந்தரகோளம்.

## ஈர்க்குக் கட்டு போன்ற படிகம்

இங்கேதான் ஏறத்தாழ ஒருபரிமாணப் பொருட்கள் உதவிக்கு வருகின்றன. பிஸ்மத் அயோடைடு படிகம் வெற்றிலைக் கட்டு அல்ல, விளக்குமாறு. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஈர்க்குகளைப் போல ஒரே திசையில் படுத்திருக்கின்றன. சங்கிலிக்குள் பிணைப்பு உறுதியானது; சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே இருப்பதோ பலவீனமான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு. ஆகவே படிகம் மேல்வாட்டிலும் பிரியும், பக்கவாட்டிலும் பிரியும். இரண்டு திசையிலும் சுத்தமான முகம் கிடைக்கும். பிணைப்புகள் துண்டிக்கப்படாததால், மேலே சொன்ன சாதாரண மேற்பரப்பு நிலைகளின் தொல்லையும் குறைவு.

சங்கிலியின் அமைப்பும் சுவையானது. ஃபான் ஷ்னெரிங் தலைமையிலான ஜெர்மன் வேதியியலாளர்கள் 1978இலேயே இதை விவரித்துவிட்டார்கள். நான்கு பிஸ்மத், நான்கு அயோடின் சேர்ந்தது ஓர் அலகு. உள்ளே இருக்கும் பிஸ்மத் அணு மூன்று பிஸ்மத் அணுக்களோடு மட்டும் கைகோத்திருக்கும். அதன் ஆக்சிஜனேற்ற எண் பூஜ்யம். ஓரத்தில் இருக்கும் பிஸ்மத்தோடு அயோடின்கள் சேர்ந்திருக்கும், அதற்கு இரண்டு. ஒரே தனிமம், ஒரே சங்கிலி, இரண்டு விதமான வாழ்க்கை. பட்டை புரளல் நடப்பது இந்த உள் பிஸ்மத்துக்கும் ஓர பிஸ்மத்துக்கும் சொந்தமான பட்டைகளுக்கு இடையில்தான். வேதியியல் அட்டவணையில் நாற்பது வருடம் சும்மா கிடந்த பொருள், இயற்பியலாளர்கள் கண்ணில் பட்டதும் வேறு முகம் காட்டியது.

"ஏறத்தாழ" என்ற அடைமொழி ஏன்? முழுக்க முழுக்க ஒருபரிமாணமாக இருக்கும் உலோகச் சங்கிலி நிலைக்காது. அணுக்கள் இரண்டிரண்டாக நெருங்கி இடைவெளியை உண்டாக்கிவிடும் என்று ருடால்ஃப் பயர்ல்ஸ் காட்டினார். கார்பன் அணுக்களின் நீண்ட சங்கிலியான பாலிஅசிட்டிலீன் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். 1979இல் சூ, ஷ்ரீஃபர், ஹீகர் மூவரும் அதற்கு எழுதிய மாதிரி, இன்று இடவியல் பாடத்தின் முதல் அத்தியாயமாகச் சொல்லித்தரப்படுகிறது. ஜோடி சேர்வது எந்தப் பக்கத்தோடு என்பதைப் பொறுத்து சங்கிலியின் நுனியில் ஓர் எலக்ட்ரான் நிலை தனித்து நிற்கும், அல்லது நிற்காது. நிஜப் படிகங்களில் சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலியைக் கொஞ்சமாவது தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

## 2016க்கும் 2019க்கும் நடுவே

பிஸ்மத் அயோடைடில் இரண்டு வடிவங்கள் உண்டு: அறை வெப்பநிலைக்குச் சற்று கீழே ஆல்ஃபா, மேலே பீட்டா. விவாதம் பீட்டாவைப் பற்றியது. 2016இல் சுவிட்சர்லாந்தின் லொசான், ஜெர்மனியின் டிரெஸ்டன் முதலிய இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து, பீட்டா வலுவான வகை என்று அறிவித்தார்கள். மேல்முகத்தில் மேற்பரப்பு நிலையைக் கண்டதாகவும் சொன்னார்கள். ஆனால் அதே கட்டுரையில் ஒரு நேர்மையான எச்சரிக்கையும் இருந்தது: கணக்குப்படி இந்தப் பொருள் வலுவான வகை, வலுவற்ற வகை, சாதாரண மின்கடத்தாப்பொருள் ஆகிய மூன்றின் எல்லைக்கு வெகு அருகில் நிற்கிறது.

ஏன் இவ்வளவு நெருக்கம்? சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படுத்து அடுக்குகளாகின்றன. அந்த அடுக்குகள் ஒன்றையொன்று எவ்வளவு தொடுகின்றன என்பதை வைத்துப் பார்க்கலாம். அடுக்குத் திசையில் உந்தத்துக்கு இரண்டு சிறப்புப் புள்ளிகள் உண்டு: நடுவிலும், எல்லையிலும்.

1. இரண்டு புள்ளியிலும் பட்டை புரளவில்லை: சாதாரணப் பொருள்.

2. ஒன்றில் மட்டும் புரண்டது: வலுவான வகை.

3. இரண்டிலும் புரண்டது: வலுவற்ற வகை. பக்க முகத்தில் இரண்டு கூம்புகள், மேல்முகம் இருட்டு.

பட்டை இடைவெளி இங்கே மிகச் சிறியது. கணினிக் கணக்கில் வழக்கமாக வரும் சின்னப் பிழையே ஒரு புள்ளியில் புரளலைச் சேர்க்கவோ நீக்கவோ போதும். அதனால் கணக்கை மட்டும் நம்பி வகையைச் சொல்ல முடியாத இடம் இது. 2016இன் முடிவைத் தவறு என்று தள்ளுவதைவிட, கத்தி முனையில் நின்ற பொருளை ஒரு முகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள் என்று பார்ப்பதே சரி.

2019இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகேஷி கோண்டோ குழு இரண்டு முகங்களையும் தனித்தனியே பார்த்தது. முறை, கோணம் பிரித்து அளக்கும் ஒளியுமிழ்வு. ஒளியை அடித்து எலக்ட்ரானைப் படிகத்திலிருந்து வெளியேற்றி, எந்தக் கோணத்தில் என்ன வேகத்தில் வந்தது என்று அளப்பார்கள். அதிலிருந்து உள்ளே அது என்ன உந்தத்தோடும் ஆற்றலோடும் இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். இங்கே சிக்கல், படிகத்தை உடைத்தால் விளக்குமாற்றைப் பிய்த்தது போல மேல்முகமும் பக்க முகமும் படிக்கட்டுப் படிக்கட்டாகக் கலந்து தெரியும். சாதாரண ஒளிக்கற்றை இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் விழும். எந்தக் குறி எந்த முகத்துடையது என்று பிரிக்க முடியாது. ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறுகலாகக் குவித்த சின்க்ரோட்ரான் ஒளியால் (எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் வேகமாகச் சுற்றவிட்டு உண்டாக்கும் ஒளி) இதைத் தீர்த்தார்கள். மேல்முகத்தை மட்டும் தொட்டபோது ஒன்றுமில்லை. பக்க முகத்தைத் தொட்டபோது கூம்பு தெரிந்தது.

ஆக, பீட்டா வலுவற்ற வகை. 2021இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழுவும் இரண்டு முகங்களையும் அளந்து, பக்க முகத்தில் இடைவெளி இல்லாத இரண்டு கூம்புகள், மேல்முகத்தில் ஒன்றுமில்லை என்று அதே முடிவுக்கு வந்தது.

பக்க முகத்தில் தெரிந்ததைக் கூம்பு என்று சொன்னாலும் அது வட்டக் கூம்பு அல்ல. சங்கிலித் திசையில் எலக்ட்ரான் விரைவாகப் போகும். குறுக்குத் திசையில் ஆற்றல் ஏறக்குறைய மாறுவதே இல்லை. கூம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து, நீண்ட வாய்க்கால் ஆக்கியது போல. இதற்கு ஒரு முக்கியமான பலன் உண்டு. பிஸ்மத் செலினைடின் வட்டக் கூம்பில், வந்த வழியே நேர் எதிராகத் திரும்புவது மட்டும்தான் தடுக்கப்பட்டது. காரணம், எதிர்த் திசையில் போகும் எலக்ட்ரானின் ஸ்பின்னும் எதிராக இருக்க வேண்டும். ஆனால் அழுக்கில் மோதி 60 டிகிரி, 90 டிகிரி திரும்பத் தடையில்லை. சங்கிலிப் பொருளிலோ இருப்பதே இரண்டு திசை: முன்னே, பின்னே. பின்னே போவது தடைபட்டால் மிச்சம் முன்னே மட்டும்தான்.

## ஜோடி சேர்ந்தால் அணையும் விளக்கு

இப்போது ஆல்ஃபா வடிவத்துக்கு வருவோம். சுமார் 300 கெல்வினில், அதாவது 27 டிகிரி செல்சியஸை ஒட்டி, படிகம் பீட்டாவிலிருந்து ஆல்ஃபாவுக்கு மாறுகிறது. சங்கிலி மாறாது. மாறுவது அடுக்கும் முறை மட்டும். பீட்டாவில் ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததைப் போலவே இருக்கும். ஆல்ஃபாவில் இரண்டு அடுக்குகள் சேர்ந்தால்தான் ஒரு முழு அலகு.

மேலே சொன்ன ஜோடி சேர்தல் இதுதான். அலகு இரட்டிப்பானதும், உந்த வெளியில் தனித்தனியே இருந்த இரண்டு கூம்புகளும் ஒரே இடத்துக்கு மடித்து வைக்கப்படுகின்றன. ஒரே இடத்தில் இரண்டு இருந்தால் அவை கலக்கும். கலந்தால் இடைவெளி திறக்கும். ரைஸ் குழு பக்க முகத்தில் இந்த இடைவெளி திறந்ததை அளந்தது. பீட்டாவில் எரிந்த விளக்கு ஆல்ஃபாவில் அணைந்துவிட்டது. ஆற்றல் பட்டைகளில் பெரிய புரட்சி எதுவும் இல்லாமல், அடுக்குகள் ஒன்றுக்கொன்று சற்று நகர்ந்ததிலேயே இது நடந்துவிட்டது. பீட்டாவைச் சட்டென்று குளிரவைத்தால் அது மாற நேரமில்லாமல் அப்படியே உறைந்து நிற்கும். குறைந்த வெப்பநிலையில் பீட்டாவை அளக்க முடிந்தது இதனால்தான்.

டோக்கியோ குழு ஆல்ஃபாவைச் சாதாரண மின்கடத்தாப்பொருள் என்றே எழுதியது. 2007இன் நான்கு குறியெண்களை வைத்துப் பார்த்தால் அது சரி. ஆனால் அந்த எண்களுக்குள் அடங்காத இன்னொரு வகை உண்டு: உயர்படி இடவியல் மின்கடத்தாப்பொருள். முகங்கள் எல்லாம் கடத்தாது. முகங்கள் சந்திக்கும் ஓரக்கோடுகள் மட்டும் கடத்தும்.

இதற்குத் தெளிவான உதாரணம் உறவுக்காரச் சேர்மமான பிஸ்மத் புரோமைடு. அதிலும் இரண்டு அடுக்கு ஓர் அலகு. அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றுக்கொன்று திருப்பிவைத்தவை. ஒரு பக்க முகத்தில் முதல் அடுக்கு இரண்டாவதோடும், மூன்றாவது நான்காவதோடும் ஜோடி சேர்கிறது என்று வையுங்கள். எதிர்ப் பக்கத்தில் சாய்வு மாறியிருப்பதால் இரண்டாவது மூன்றாவதோடும், நான்காவது ஐந்தாவதோடும் சேரும். அப்போது அந்தப் பக்கத்தில் முதல் அடுக்குக்குத் துணை இல்லை. பந்தியில் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்த பிறகு ஓரத்தில் ஒருவர் தனியாக நிற்பது மாதிரி, அந்த ஓரத்தில் மட்டும் ஒரு கடத்தும் கோடு எஞ்சுகிறது. பாலிஅசிட்டிலீன் சங்கிலியின் நுனியில் தனித்து நின்ற எலக்ட்ரானின் கதையே இங்கே அடுக்குகளாக மறுபடி வந்திருக்கிறது.

பிஸ்மத் புரோமைடில் ஒற்றை அடுக்கு பெரிய இடைவெளி கொண்ட குவான்டம் ஸ்பின் ஹால் பொருளாக இருக்கும் என்று 2014இலேயே கணித்திருந்தார்கள். 2021இல் கோண்டோ குழு ஒளியுமிழ்வில் உயர்படி நிலைக்கான சான்றைத் தந்தது. 2022இல் பிரின்ஸ்டனில் சாகித் ஹசன் குழு, கூரான ஊசி முனையால் பரப்பை அணு அணுவாக வருடிப் பார்க்கும் வருடி ஊடுருவல் நுண்ணோக்கியால் ஓர் அடுக்கு உயரமுள்ள படியின் விளிம்பில் கடத்தும் நிலையை அறை வெப்பநிலையிலேயே கண்டது. அறை வெப்பநிலையில் வெப்பத்தால் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இங்கே இடைவெளி 200க்கும் மேல். வெப்பம் எலக்ட்ரானைத் தூக்கி மேல்பட்டையில் போட்டுக் குழப்ப முடியாத அளவு பெரியது.

## சாதனமாகுமா?

இந்தப் பொருட்களைப் பற்றி "மின் இழப்பே இல்லாத சிப்" என்று தலைப்பு போடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு இடங்களில் அது மிகை.

முதலாவது, எலக்ட்ரான் வந்த வழியே திரும்ப முடியாது என்ற பின்சிதறல் தடை என்பது காந்தத்தன்மை இல்லாத அழுக்குக்கு மட்டும். காந்த அணுக்கள் ஸ்பின்னைத் திருப்பிவிடும். திரும்பினால் எலக்ட்ரானும் வந்த வழியே திரும்பலாம். எலக்ட்ரான்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும்போதும், வெப்ப அதிர்வுகளோடு மோதும்போதும் தடை முழுமையாக இருப்பதில்லை. தவிர, கம்பியைப் பொருத்தும் இடத்தில் தொடுதடை எப்படியும் உண்டு. மின்தடையே இல்லாத மீக்கடத்திக்கும் இதற்கும் உறவில்லை.

இரண்டாவது, ஒளியால் ஒரு நிலையைப் பார்ப்பது வேறு, அதன் வழியே மின்சாரத்தை ஓட்டுவது வேறு. நிஜப் படிகத்தின் உள்பகுதியில் குறைபாடுகளால் வந்த எலக்ட்ரான்கள் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். இடைவெளி சிறிதாக உள்ள அயோடைடில் இது பெரிய தொல்லை, புரோமைடில் குறைவு. 2024இல் பிரின்ஸ்டன் குழு புரோமைடு படிகத்தில் மின்னோட்டத்தையே அளந்து, காந்தப்புலத்தை மாற்றும்போது மின்தடை சீராக ஏறி இறங்குவதைக் காட்டியது. ஓரக்கோடுகள் வழியே போகும் எலக்ட்ரான் அலைகள் ஒரு வளையத்தைச் சுற்றிவந்து ஒன்றோடொன்று குறுக்கிடும்போது வரும் அடையாளம் அது. அஹரனோவ்-போம் விளைவு என்று பெயர். ஓரக்கோடு வெறும் படத்தில் தெரிவது மட்டுமல்ல, எலக்ட்ரான் அலை தன் ஒழுங்கு கெடாமல் போகும் பாதையும்கூட என்பதற்கு இதுவரை வந்த வலுவான மின்சாரச் சான்றுகளில் இது ஒன்று.

அயோடைடின் ஆல்ஃபா வடிவத்திலும் இப்படிப்பட்ட ஓரக்கோடுகள் இருக்க வேண்டும் என்பது கோட்பாட்டின் கணிப்பு. பக்க முகத்தில் இடைவெளி திறப்பது அந்தக் கணிப்போடு ஒத்துப்போகிறது. ஆனால் சாதாரணப் பொருளாக இருந்தாலும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். இரண்டில் எது என்று சொல்ல, ஓரக்கோட்டையே தொட்டுப் பார்க்க வேண்டும்.